எங்கள் குடும்பக் குழு: இத்தாலியின் மொடெனா கிராமப் பயணம்

அக்கா: வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பாப்பா வண்டியிலேயே தூங்கிவிட்டாள். படங்கள் ஒவ்வொன்றாக வரும், நெட் மெதுவாக இருக்கிறது.

அம்மா: சாப்பிட்டீர்களா?

அக்கா: ஆச்சும்மா. இவர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களின் குடும்பங்களுக்கு வேன் பிடித்து, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி அம்மா ஒருவரையும் அனுப்பியிருந்தார்கள். விடிவதற்குள் கிளம்பச் சொன்னதில் எல்லோருக்கும் எரிச்சல்தான், ஆனால் பார்மிஜானோ சீஸ் செய்வது காலை வேளையில்தான். மதியம் போனால் கழுவிவிட்ட தரையைப் பார்த்துவிட்டு வரலாம்.

நான்: மாடு மேய்கிற படம் எங்கே?

அக்கா: அதெல்லாம் மலைப் பக்கம்டா. இது போ ஆற்றுச் சமவெளி. கண்ணுக்கு எட்டிய வரை தட்டை, பாப்ளர் மர வரிசை, லாம்புருஸ்கோ திராட்சைத் தோட்டம், நடுநடுவே ஒற்றைச் செங்கல் வீடு. மாடுகள் பெரும்பாலும் கொட்டகைக்குள்தான். புளிக்க வைத்த தீவனம் இந்தச் சீஸுக்குத் தடையாம், அதனால் உலர்ந்த புல்லும் குதிரைமசாலும் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது.

அத்தான்: பால் கறப்பவர் பஞ்சாபிக்காரர்! என் அரைகுறை ஹிந்தியை வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் சீக்கியர்கள் நிறைய. நொவெல்லாராவில் 2000-இல் திறந்த பெரிய குருத்வாராவே இருக்கிறது. மாட்டுக்கு ஞாயிறும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது என்று சிரித்தார்.

பெரியப்பா: செய்முறையை விவரமாக எழுதும்மா.

அக்கா: முந்தின நாள் மாலைப் பாலை அகலமான தொட்டியில் ராத்திரி முழுக்க வைத்து, மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலை அப்படியே சேர்த்துப் பெரிய செப்பு அண்டாவில் ஊற்றுகிறார்கள் பெரியப்பா. நேற்று சீஸ் பிரித்தபோது எடுத்து வைத்த புளித்த தண்ணீர் கொஞ்சம், பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொஞ்சம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடுகிறது. அதைக் கம்பிக் கூண்டு வைத்த கோலால் அரிசிமணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடாக்கி, அடியில் படிந்ததை இரண்டு பேர் துணியில் தூக்கி, கத்தியால் சரிபாதியாக வெட்டுகிறார்கள். அண்டாவுக்குச் சக்கர வடிவில் இரண்டு சீஸ். ஒன்றுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால், எடை 40 கிலோ. அப்புறம் உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறல், அதன் பிறகு குறைந்தது 12 மாதம் அலமாரியில்.

அம்மா: உறைக்கு மோர் எடுத்து வைக்கிற மாதிரிதான்.

சித்தி: ஒரு நிமிடம். கன்றுக்குட்டி வயிறா???

அக்கா: ஆமாம் சித்தி. இந்தச் சீஸுக்குச் சட்டமே அப்படித்தான். மிச்சத் தண்ணீர் பார்மா பக்கத்துப் பன்றிகளுக்குத் தீவனமாகப் போகிறதாம்.

சித்தி: ஐயோ. எங்கள் தெரு பீட்சாக் கடையில் தூவித் தூவித் தின்றேனே!

நான்: அந்த விலைக்கு அவன் அசல் பார்மிஜானோ போட்டிருப்பானா சித்தி? நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்கா: இங்கே வரும்போது லேபிளில் 'கால்யோ வெஜெதாலே', அதாவது தாவர ரென்னெட், என்று போட்ட வேறு சீஸைத் தேடி வாங்கலாம். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். மதியம் 'ஞோக்கோ ஃப்ரித்தோ' என்று உப்பலாகப் பொரித்த மாவு வந்தது, பாப்பா கையை நீட்டிவிட்டாள், நல்லவேளை வழிகாட்டி அம்மா பன்றிக் கொழுப்பில் பொரித்தது என்று முந்திக்கொண்டார். கீரை அடைத்த தோர்தெல்லி பாஸ்தாவிலும் இதே சீஸ்தான்.

அத்தான்: பெரியப்பா, உங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். கிரெடிட்டோ எமிலியானோ என்று இங்கே ஒரு வங்கி, இந்தச் சக்கரங்களை அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. முதிரும் வரை அவர்கள் கிடங்கிலேயே இருக்கும்.

பெரியப்பா: முப்பது வருடம் நகைக்கடன் பார்த்தவன் நான். உரசிப் பார்க்கக் கல் இருந்தது. சீஸை எப்படி மதிப்பிடுவார்கள்?

அத்தான்: சின்னச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே பொத்தல், விரிசல் இருந்தால் சத்தம் மாறும். தேறினால் தோலில் சூட்டு முத்திரை.

அக்கா: எனக்குப் பிடித்தது சாயங்காலம் போன பால்சாமிக் வினிகர் செய்யும் வீடுதான். ஓட்டுக்குக் கீழே பரண், அங்கே காய்ச்சிய திராட்சைச் சாறு பீப்பாய்களில், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக, ஓக், செர்ரி, முசுக்கொட்டை, ஜூனிப்பர் என்று ஒவ்வொன்றும் ஒரு மரம். வருடத்துக்கு ஒருமுறை கடைசிச் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை முந்தியதிலிருந்து நிரப்பி, அப்படியே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். 12 வருடமாவது ஆகவேண்டும், 25 ஆனால் இன்னும் மவுசு. கோடைச் சூடும் குளிரும் மாறி மாறிப் படவேண்டுமென்றுதான் பரணில் வைப்பதாம். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை தொடங்கிச் சீதனமாகக் கொடுப்பது பழைய வழக்கம்.

அம்மா: நம் பாப்பாவுக்கும் ஒன்று தொடங்கேன்.

அத்தான்: அத்தை, நாங்கள் இருப்பது வாடகை வீடு.

சித்தி: வினிகரில் கன்று ஏதும் இல்லையே?

அக்கா: திராட்சை மட்டும்தான் சித்தி. கெட்டியாக, இனிப்பும் புளிப்புமாக, ஐஸ்கிரீம் மேல் விட்டுக்கூடச் சாப்பிடுகிறார்கள்.

சித்தி: சரி, அப்போ எனக்கு ஒரு பாட்டில்.

அத்தான்: 100 மில்லிதான் வரும். 12 வருடத்தது 50 யூரோ பக்கம்.

சித்தி: ஐயாயிரம் ரூபாயா! வேண்டாம் மாப்பிள்ளை.

அக்கா: சூப்பர்மார்க்கெட்டில் ஒயின் வினிகர் கலந்து மலிவாக வருவது ஒன்று இருக்கிறது, சாலடுக்கு அது போதும். அதை வாங்கி வைக்கிறேன். நீங்கள் புளியும் பெருங்காயமும் மட்டும் கொண்டு வாருங்கள்.

சித்தி: பெருங்காயம் கட்டியா, தூளா?

அக்கா: தூள். டப்பாவை நன்றாக ஒட்டுங்கள்.