எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை, ஊசி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை

அம்மா எனக்குக் கிட்னி கொடுத்து ஏழு வருடம் ஆகிறது. அதை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகள்: காலை 9 மணி, இரவு 9 மணி டாக்ரோலிமஸ். கூடவே மைக்கோஃபீனோலேட், 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன். போன மாதம் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், இதே மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது உதவும்.

சளியும் இருமலும் விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம் என்பதால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். கிட்னி மாற்றியவன் என்று சொன்னேன். என்னென்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை, நானும் சீட்டைக் காட்டவில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு, அதாவது டாக்ரோ லெவல், வழக்கமாக 6 இருக்கும், அன்று 21. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.9-க்குப் போயிருந்தது.

டாக்ரோலிமஸைக் குடலிலும் கல்லீரலிலும் ஒரு என்சைம் உடைக்கிறது. அந்த ஆன்டிபயாடிக் என்சைமை முடக்கிவிடும். உடையாத மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், ஏறினால் கிட்னிக்கே கெடுதல். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், லெவலைத் தரைக்கு இறக்கிவிடும். என் டாக்டர் இரண்டு வேளை டாக்ரோவை நிறுத்தி, ஆன்டிபயாடிக்கையும் மாற்றினார். பத்து நாளில் சரியானது. அந்தப் பத்து நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த மாத்திரை என்னதான் செய்கிறது என்று அப்போதுதான் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் உடம்பின் டி செல் (ஒரு வகை வெள்ளணு), அம்மாவின் கிட்னியை வேற்று ஆளாகத்தான் பார்க்கும். பார்த்ததும் அதற்குள் கால்சிநியூரின் என்ற புரதம் முடுக்கிவிட, இன்டர்லூகின்-2 சுரக்கும். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன்களில் அது ஒன்று. அது கொண்டுபோகும் சேதி, 'பெருகுங்கள்' என்பது. டாக்ரோலிமஸ் கால்சிநியூரினைக் கட்டிப்போடுகிறது, சேதி கிளம்புவதே இல்லை. ஆபரேஷன் அன்றும் நாலு நாள் கழித்தும் எனக்கு ஏற்றிய பாசிலிக்ஸிமாப், சேதியை வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது குறிபார்த்து ஒட்டும் புரத மருந்து. இந்த டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததாம். எங்கேயோ ஒரு பிடி மண், இங்கே என் அம்மாவின் கிட்னி!

மார்கழிக்கோலம்

அண்ணா, படிக்கவே பதறுகிறது. எனக்கு முடக்குவாதம், சொந்த எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. மெத்தோட்ரெக்ஸேட் (வாரத்துக்கு ஒரே நாள், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து) போதாமல் போனதும் அடாலிமுமாப் ஊசி போடலாம் என்றார் டாக்டர். ஆனால் உடனே போடவில்லை. "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?" என்று கேட்டார். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பாவுக்கு இருந்தது. எக்ஸ்ரே சுத்தம், ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ்.

அதாவது கிருமி எனக்குள்ளும் இருக்கிறது, தூங்கிக்கொண்டு. வெள்ளணுக்கள் அதைச் சுற்றி வளைத்துச் சுவர் கட்டி வைத்திருக்கின்றன. அந்தச் சுவர் நிற்க டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் வேண்டும். என் மூட்டை வீங்க வைப்பதும் அதே டிஎன்எஃப். அடாலிமுமாப் அதைப் பிடித்துவிட்டால் மூட்டு வலி குறையும், சுவரும் இடியலாம். அதனால் முதலில் ஐசோனியாசிட் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்துத்தான் முதல் ஊசி. ஐசோனியாசிட்டையும் விடாமல் முடித்தேன். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 40 மில்லிகிராம், வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். 2014 டிசம்பரில் இந்தியக் கம்பெனி ஒன்று இதற்கு இணையான மாற்று மருந்தை (பயோசிமிலர்) கொண்டுவந்ததால்தான் எங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது. போன மார்கழியில் ஆறு வருடத்துக்குப் பிறகு வாசலில் புள்ளிக் கோலம் போட்டேன்.

தம்பிக்குத் துணை

என் தம்பிக்கு லிம்ஃபோமா, வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து முதல் நாள் ஏறிய அரை மணியில் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். நான் அழுதுவிட்டேன். சிஸ்டர் அமைதியாக டிரிப்பை நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் நின்றதும் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார். ஆன்டிபாடி பி செல்களில் (இன்னொரு வகை வெள்ளணு) ஒட்டி அவற்றை அழிக்கும்போது சைட்டோகைன்கள் மொத்தமாக வெளியே கொட்டும், அதனால்தான் என்றார். இரண்டாம் முறை ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், சைட்டோகைனையே மருந்தாகவும் போட்டார்கள். கீமோவுக்குப் பின் வெள்ளணு இறங்கியதும் ஃபில்கிராஸ்டிம். எலும்பு மஜ்ஜையை வேலை வாங்கும் ஊசி, அதனால் இடுப்பெலும்பு விண்விண் என்று வலிக்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இருவரும் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். வாங்கி வருகிறவர்கள் கவனிக்க: பெட்டியில் ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறையக் கூடாது.

புதுமுகம்

என் மாமாவுக்கு அடுத்த வாரம் கிட்னி மாற்று. எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று அத்தை சீந்தில் பொடி வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா? லெவல் டெஸ்ட் அன்று மாத்திரை போட்டுவிட்டுப் போகலாமா?

வைகைக்கரை

சீந்தில் வேண்டாம் சகோ. எங்கள் வீட்டிலும் பாசத்தோடு வாங்கி வந்தார்கள். நாம் அடக்கி வைக்கப் பாடுபடும் சக்தியை அது தூண்டிவிடக் கூடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். பம்பளிமாசும் கூடாது, அது லெவலை ஏற்றும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். போட்டுவிட்டுப் போனால் லெவல் பொய்யாக ஏறிக் காட்டும், டாக்டர் அளவைக் குறைத்துவிடுவார். எனக்கு நாளைக்கு டெஸ்ட், காலை மாத்திரையை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.