கேஷ், எய்ட், ஜிஞ்சர்: எவை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை?

கேள்வி
பள்ளித் தமிழ் மன்றத்துக்காக 'ஆங்கிலத்தில் தமிழ்' என்று ஒரு பலகை தயாராகிறது. வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலில் உள்ளவை: கேஷ் – காசு, எய்ட் – எட்டு, கில் – கொல், கட்டமரான் – கட்டுமரம், செரூட் – சுருட்டு, ஜிஞ்சர் – இஞ்சி, மல்லிகடானி – மிளகுத்தண்ணி. இவற்றில் எதை நம்பி எழுதலாம்? மாணவர்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில் 1
செரூட், மல்லிகடானி, கட்டமரான் மூன்றையும் தாராளமாக எழுதுங்கள். எய்ட், கில் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு சொற்களின் பழைய வடிவத்தையும் தேடி எடுங்கள். எட்டின் வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு என்பவற்றில் அது அப்படியே நிற்கிறது. எய்ட்டின் பழைய ஆங்கில வடிவம் 'எயஹ்தா'. ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ'. நடுவில் இருந்த அந்த 'ஹ்' ஒலிக்காகத்தான் இன்றும் ஜி, எச் என்ற இரண்டு எழுத்தை உச்சரிக்காமலேயே எழுதுகிறார்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவாக இருந்தால் நெருங்க வேண்டும்.

அடுத்து காலம். ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றியது 1639-இல். கில் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே ஆங்கிலத்தில் புழங்குகிறது.

பதில் 2
கேஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. பணம் என்ற பொருளில் நாம் தினமும் சொல்வது லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி என்ற சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காஸ்ஸா' எல்லாம் பணப்பெட்டிதான். கேஷியர் என்பவர் அந்தப் பெட்டியைக் காப்பவர்.

இன்னொரு கேஷ் நம்முடைய காசு. போர்த்துக்கீசியர் அதை 'கைஷா' என்று எழுதினார்கள். பெட்டிக்கும் அவர்களிடம் அதே சொல். குழப்பத்தின் வேர் இதுதான். அந்தக் கேஷ் ஒரு சிறு நாணயத்தின் பெயர்: பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் (இங்கே பணம் என்பதும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் அடித்த 10, 20 கேஷ் செப்பு நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் இதே பெயரால்தான் அழைத்தார்கள். ஆகவே பலகையில் 'கேஷ் என்ற நாணயம்' என்று குறிப்பிட்டால் சரி, 'கேஷ் என்றால் பணம்' என்று போட்டால் தவறு.

பதில் 3
ஜிஞ்சரை விட்டுவிடாதீர்கள், பட்டியலிலேயே அழகான பயணம் அதனுடையதுதான். ஆனால் தமிழிலிருந்து நேராகப் போகவில்லை. திராவிட 'இஞ்சி', 'வேர்' இரண்டும் சேர்ந்த சொல் பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். சமஸ்கிருதத்தில் இதைச் 'சிருங்கவேரம்' ஆக்கி, கொம்பு போன்றது என்று பின்னால் விளக்கம் கொடுத்தார்கள். பாலியில் தொடக்கத்தில் வரும் சகரம் நம் இஞ்சியில் இல்லையே என்று யாராவது கேட்கலாம். பழைய திராவிட வடிவத்தில் அது இருந்து தமிழில் உதிர்ந்தது என்பது மொழியியலாளர் கருத்து. பலகையில் அம்புக்குறி போட்டு வழி முழுவதையும் காட்டுங்கள்.

கட்டமரானில் பெயர் மட்டும்தான் நம்முடையது. இரட்டை உடல் கொண்ட இன்றைய படகின் அமைப்பு பசிபிக் தீவுகளின் மரபு. கட்டுமரம் என்பது மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. இன்றைய படகின் படத்தை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

மாணவர்கள் தேட: இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு, எந்தப் பயணி எழுத்தில் வந்தது என்று மேற்கோளோடு இருக்கும். திராவிட வேருக்கு பரோ-எமனோ அகராதியின் 1984 பதிப்பு. இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழக இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஹாப்சன்-ஜாப்சனின் சொல்பிறப்பு ஊகங்கள் சில பழையவை. மேற்கோள்களை எடுத்துக்கொண்டு, பிறப்பை மட்டும் ஆக்ஸ்போர்டு அகராதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.