கையில் க்யூ இருக்கிறது, யூ இல்லை. என்ன செய்வது?

கேள்வி: ஸ்கிராபிள் என்ற ஆங்கிலச் சொல் ஆட்டத்தில் க்யூ (Q) வந்தாலே மாட்டிக்கொள்கிறேன், 10 புள்ளி எழுத்து, ஆனால் கூடவே வேண்டிய யூ (U) கிடைக்காமல் கடைசிவரை கையிலேயே கிடக்கிறது. யூ இல்லாத க்யூ சொற்களை எப்படித் தேடுவது?

பதில்: முதலில் 'ச்சி'. க்யூ, ஐ, இரண்டே எழுத்து, சீனத்தில் உயிராற்றல். அப்புறம் ஃபக்கீர், நிகாப், காதி (நீதிபதி) எல்லாம் அரபி வழி வந்தவை, நமக்குப் பழகிய சொற்கள்தானே. ஃபக்கீரைக் கே போட்டும் எழுதுவார்கள், க்யூவும் செல்லும்.

இன்னொரு பதில்: சொற்பட்டியல் கோப்பு இருந்தால் கிரெப் என்ற தேடல் கட்டளையில் 'க்யூவுக்கு அடுத்து யூ அல்லாத எழுத்து' என்று தேடுங்கள். க்யூவில் முடிகிற சொற்கள் அதில் சிக்காது, தனியாகத் தேடணும்.

கேட்டவர்: தேடினேன், ஈராக் வந்தது!

பதில்: ஊர்ப் பெயர் செல்லாதுங்க :)