தருமபுரி ஃபுளூரைடு ஆய்வுக் கட்டுரை: நாலே நாளில் திருப்பி அனுப்பிட்டாங்க, எங்கே சரி செய்யணும்?

பாலக்கோடு_வேதியியல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டங்களில் 52 ஆழ்துளைக் கிணறுகளில் மே மாதமும் ஜனவரியும் நீர் மாதிரி எடுத்து முக்கிய அயனிகளும் ஃபுளூரைடும் அளந்திருக்கேன். "தருமபுரி மாவட்டத்தின் மூன்று வட்டங்களில் நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு" என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு வைத்து ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். மதிப்பாய்வுக்கே போகாமல், "உள்ளூர் அளவிலான விவரம்" என்று சொல்லி நாலு நாளில் திருப்பிட்டாங்க. அடுத்த ஜர்னலுக்கு அனுப்பும் முன் என்னென்ன பார்க்கணும்? யுஜிசி கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்களின் பட்டியல்) இருக்கிற ஜர்னல்தான் வேணுமா? பிஹெச்.டி.க்கான கட்டுரை இது.

நீர்ப்பாறை பதில்:

ஊர்ப் பெயரைப் பார்த்து யாரும் திருப்பலைங்க. உங்க தலைப்பில் கேள்வியே இல்லை, அதனால்தான் திரும்பி வந்திருக்கு. "தரம்: ஓர் ஆய்வு" என்றால் படிப்பவருக்குக் கிடைப்பது 52 கிணற்றின் அட்டவணை மட்டும். அதையே நீர்த்தரக் குறியீடாகச் சுருக்கி நல்லது, சுமார், மோசம் என்று வண்ணம் அடித்தாலும் அது அட்டவணைதான். அந்த மாதிரிக் கட்டுரைகளை எடிட்டர்கள் நிறையப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

உங்க தரவில் நல்ல கேள்வி ஒன்று இருக்கு. நம்ம பகுதி நைஸ், சார்னோகைட் பாறை. அதில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நீரில் இறங்குது. நீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்து அளவு கட்டுக்குள் நிற்கும். சோடியமும் பைகார்பனேட்டும் ஓங்கிக் கால்சியம் குறைந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். இரண்டு பருவ அளவு கையில் இருக்கு. மழைக்குப் பிறகு கால்சியம் எங்கெல்லாம் மாறியதோ அங்கே ஃபுளூரைடு எப்படி நகர்ந்தது என்று கிணறு கிணறாக ஒப்பிடுங்க. யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) இலவசமாகத் தரும் ஃப்ரீக்ஸி என்ற நீர் வேதியியல் மென்பொருளில் ஃபுளூரைட்டின், அதாவது கால்சியம் ஃபுளூரைடு கனிமத்தின், செறிவுநிலைக் குறியீட்டை (அது நீரில் கரையுமா, படியுமா என்று காட்டும் எண்) கணக்கிட்டு ஒரே படத்தில் காட்டுங்க.

தலைப்பும் அப்படியே மாறும்: "கடினப் பாறை நிலத்தடி நீரில் ஃபுளூரைடைக் கால்சியம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது: தருமபுரியில் இரு பருவ அளவீடு". ஊர் பின்னால் போய்க் கேள்வி முன்னால் வந்திருச்சு பாருங்க. இப்போ ராஜஸ்தானில் இதே வேலை செய்பவரும் படிப்பார்.

கவர் லெட்டரின் முதல் பத்தியில் இந்தக் கேள்வி, கிடைத்த விடை, இந்த ஜர்னல் வாசகருக்கு அது ஏன் வேணும் என்பதை மூன்று நான்கு வரியில் எழுதுங்க. சுருக்கத்தை அப்படியே ஒட்டாதீங்க.

அயனிச்சமன் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எழுதத் தொடங்கும் முன் தரவு தாங்குமா என்று பாருங்க. முதலில் அயனிச் சமநிலை, அதாவது நேர் அயனியும் எதிர் அயனியும் சமமாக வருதா என்பது. 52 மாதிரிக்கும், இரண்டு பருவத்துக்கும், எக்செலில் ஒரு நெடுவரிசை போட்டால் போதும். எல்லாவற்றையும் லிட்டருக்கு மில்லி ஈக்விவலென்ட்டாக (மின்னேற்றக் கணக்கில் வரும் அளவு) மாற்றி, நேர் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையைக் கழித்து, இரண்டும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க. கூட்டலோ கழித்தலோ 5%க்குள் நிற்கணும்.

எங்கே தவறுது என்றால், பெரும்பாலும் காரத்தன்மையில். டைட்ரேஷனில் வருவது கால்சியம் கார்பனேட் கணக்கில் வரும் எண். அதை 1.22-ஆல் பெருக்கினால்தான் பைகார்பனேட். ஒரு மாதிரியில் காரத்தன்மை 500 மி.கி. என்று வையுங்க. சரியாக மாற்றினால் 610 மி.கி., அதாவது 10 மில்லி ஈக்விவலென்ட். மற்ற எதிர் அயனிகள் 3.45, நேர் அயனிகள் 13.06 என்றால் பிழை மைனஸ் 1.5%. மாற்ற மறந்து 500-ஐயே பைகார்பனேட் என்று போட்டால் அது 8.19 ஆகி, பிழை பிளஸ் 5.7%க்குத் தாவும். எல்லா மாதிரியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படணும். நைட்ரேட்டும் அப்படியே: ஆய்வகம் நைட்ரஜனாகக் கொடுத்ததா, நைட்ரேட்டாகவா? இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு.

ஃபுளூரைடு எந்த முறையில் அளந்தீங்க?

பாலக்கோடு_வேதியியல்:

ரொம்ப நன்றிங்க. காரத்தன்மையை மாற்றாமல்தான் போட்டிருக்கேன், இப்பவே சரி பண்றேன். ஃபுளூரைடு ஸ்பேட்ன்ஸ் முறை, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். நிறைய மாதிரி 2 மி.கி./லி.க்கு மேல் காட்டுது. நீர்க்கச் செய்யாமல் நேராக அளந்தது.

அயனிச்சமன்:

இதுதான் பெரிய சிக்கல். ஸ்பேட்ன்ஸ் நேர்கோடு 1.4 மி.கி./லி. வரைதான். சாயம் வெளுப்பதை வைத்து அளக்கும் முறை இது, அதற்கு மேல் வெளுப்பும் ஃபுளூரைடும் ஒரே கணக்கில் போகாது. 2, 3 என்று வந்த எண்களை நம்பி ஒட்டுறவு வரைபடம் போடக்கூடாது. மதிப்பாய்வாளர் அளவீட்டு வரைபடத்தைக் கேட்டால் நிற்காது.

நீர்க்கச் செய்து அளந்திருக்கணும். 25 மி.லி. மாதிரியை வடிநீரால் 100 மி.லி. ஆக்கி, வந்த 0.8-ஐ 4-ஆல் பெருக்கினால் 3.2. இன்னொன்று, காரத்தன்மை அதிகமான நீர், இரும்பு, அலுமினியம், பாஸ்பேட் எல்லாம் இந்த முறையைக் குழப்பும். நம்ம ஊர் நீரில் காரத்தன்மை தாராளம். அதனால் அயனித் தேர்வு மின்முனையில் (ஃபுளூரைடை மட்டும் உணர்ந்து மில்லிவோல்ட்டில் காட்டும் கருவி) அளப்பது மேல். மாதிரியும் டிசாப் கரைசலும் (அயனி வலிமையையும் அமிலத்தன்மையையும் நிலையாக வைப்பது) சம அளவு, அளவு தெரிந்த 5 திட்டக் கரைசல்கள், 25 டிகிரியில் ஃபுளூரைடு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் அருகே சரிவு. 54-க்குக் கீழ் போனால் மின்முனையைச் சந்தேகப்படுங்க. பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை அளவீடு, ஒரு வெற்று மாதிரி (ஃபுளூரைடு இல்லாத நீர்). இந்த எண்களை முறைகள் பகுதியில் அப்படியே எழுதினால் மதிப்பாய்வாளரின் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபுளூரைடு மாதிரியைப் பாலித்தீன் பாட்டிலில் 28 நாள் வரை வைக்கலாம். அதைத் தாண்டிய பழைய மாதிரியை மறுபடி அளப்பதில் அர்த்தமில்லை. 1.4-ஐத் தாண்டிய கிணறுகளுக்கு மட்டுமாவது அதே இரு பருவத்திலும் புதிதாக எடுத்துவிடுங்க. ஓராண்டு தள்ளும், தெரியும். ஆனாலும் இந்த எண்ணோடு அச்சில் ஏறக்கூடாது. ஃபுளூரைடு கூடினால் கெடும் குழந்தைகளின் பல்லைப் பற்றி முடிவு சொல்லப்போகிற எண் இது.

வரைபடம்_மேசை பதில்:

படங்களைப் பற்றி யாரும் சொல்லலை. 78 டிகிரி தீர்க்கக்கோடு உங்க மாவட்டத்தின் நடுவே ஓடுது. பென்னாகரம் அதற்கு மேற்கே, பாலக்கோடும் காரிமங்கலமும் கிழக்கே. யுடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) மண்டலம் 43-ம் 44-ம் அங்கேதான் பிரியுது. ஜிபிஎஸ்-ஸில் யுடிஎம் எண்களை எடுத்திருந்தால் பென்னாகரம் கிணறுகள் மட்டும் வேறு மண்டலத்தில் இருக்கும். அப்படியே கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஏற்றினால் அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். தசம டிகிரியில் ஏற்றி, பிறகு முழுத் தரவையும் 44 வடக்குக்கு மாற்றி, அதைப் படக்குறிப்பில் எழுதுங்க. கிருஷ்ணகிரிக்காரங்களுக்கும் இது பொருந்தும். ஓசூர் ஒரு பக்கம், கிருஷ்ணகிரி நகரம் மறுபக்கம்.

எல்சேவியர் பதிப்பகத்தின் ஜர்னல் என்றால் படத்தின் ஒற்றை நெடுவரிசை அகலம் 90 மி.மீ. புகைப்படத்துக்கு 300 டிபிஐ, அதாவது 1063 பிக்சல். எழுத்தும் கோடும் கலந்த படத்துக்கு 500, வெறும் கோட்டுப் படத்துக்கு 1000. வேர்டில் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்து அனுப்பாதீங்க. சேமிக்கும்போதே வேர்டு அதைச் சுருக்கியிருக்கும். ஹைலைட்ஸ் (கட்டுரையின் முக்கியக் குறிப்புகள்) 3 முதல் 5 வரி, ஒவ்வொன்றும் இடைவெளி சேர்த்து 85 எழுத்துக்குள். கையெழுத்துப் பிரதியில் வரி எண் தொடர்ச்சியாக ஓடணும், பக்கத்துக்குப் பக்கம் 1-லிருந்து தொடங்கக்கூடாது.

நீர்ப்பாறை:

கேர் பற்றிக் கேட்டிருந்தீங்க. அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. 2022 பிஹெச்.டி. ஒழுங்குமுறையில் கட்டுரை வெளியீட்டுக் கட்டாயமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கலாம், உங்க பதிவு எண்ணுக்கு எந்த ஆண்டு விதி என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் வாங்குங்க. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கு என்று ஜர்னலே சொன்னால் போதாது. ஸ்கோபஸ் பட்டியலில் தேடி, சேர்ப்பு நிறுத்தப்பட்டதா என்றும் பாருங்க. "ஏழு நாளில் ஏற்பு" என்று மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னல் பக்கமே போகாதீங்க. சந்தா வழியில் வெளியிடும் ஜர்னலில் பொதுவாகக் கட்டணம் கேட்க மாட்டாங்க. ஏற்பு வந்ததும் ஓப்பன் ஆக்சஸா (யாரும் இலவசமாகப் படிக்கும் வழி) என்று கேட்கும் படிவத்தில் சந்தா வழியைத் தேர்ந்தெடுங்க.

பாலக்கோடு_வேதியியல்:

மே மாதம் மறுபடி மாதிரி எடுக்கிறேன். இன்னொரு சந்தேகம். போன முறை எல்லாக் கோப்பும் ஏற்றிய பிறகு முதலில் பத்து நாள் எந்தத் தகவலும் இல்லை, அதன் பிறகுதான் நான் சொன்ன அந்த நாலு நாள். தொழில்நுட்பக் கோளாறா?

வரைபடம்_மேசை:

எடிட்டோரியல் மேனேஜர் என்ற இணையதளம் வழியாகவா அனுப்பினீங்க? கோப்புகளை ஏற்றியதும் அது ஒரு பிடிஎஃப் தயாரிக்கும். அதை நீங்கள் திறந்து பார்த்து, ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் ஜர்னலுக்குப் போகும். அதுவரை "ஆசிரியர் ஒப்புதலுக்குக் காத்திருப்பவை" என்ற கோப்புறையில் உங்க பக்கத்திலேயே கிடக்கும், அங்கே யாருக்கும் தெரியாது. ஒப்புதல் கொடுக்கும் முன் பிடிஎஃப்-ஐக் கடைசிப் பக்கம் வரை பாருங்க. மைக்ரோ குறி சதுரமாக மாறியிருக்கும், மேற்குறி எண்கள் கீழே இறங்கியிருக்கும். கையெழுத்துப் பிரதி எண் மின்னஞ்சலில் வந்தால்தான் அனுப்பியதாகக் கணக்கு.