ஒரு ஃபிரேமில் முழுக் கண்ணாடி, அடுத்ததில் சுக்குநூறு: நடுவில் நடப்பதை எப்படிப் பிடிப்பது?

கல்லெறி:
10 செ.மீ. சதுரக் கண்ணாடித் தகட்டின் நடுவில், 1 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுக் குண்டைப் போட்டு நொடிக்கு 10,000 ஃபிரேமில் எடுக்கிறேன். குண்டு இறங்குவது அழகாகப் பதிகிறது. விரிசல் ஓடுவது மட்டும் சிக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு ஃபிரேமில் தகடு முழுசாக இருக்கிறது, அடுத்ததில் விளிம்புவரை பிளந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு வெளிச்சமும் ஏறி இறங்குகிறது. படத்தின் அளவைக் குறைத்து 20,000-க்குப் போனால் சரியாகுமா? இதுவரை பத்துத் தகடு காலி.

அரைநொடி:
ஆகாது. குண்டு மோதும் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், ஃபிரேமுக்கு ஃபிரேம் அரை மில்லிமீட்டர்கூட நகராது. விரிசல் கதை வேறு. கண்ணாடியில் அது நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். விளிம்புக்கு 5 செ.மீ., 33 மைக்ரோநொடியில் வேலை முடிந்தது. உங்கள் இடைவெளி 100 மைக்ரோநொடி. 20,000-க்குப் போனாலும் 50.

வெளிச்சத்துக்குக் காரணம் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். டி.சி.யில், அதாவது துடிக்காத நேர் மின்னோட்டத்தில், எரியும் எல்.ஈ.டி. போடுங்கள்.

இருட்டறை:
அந்தக் கேமராவையே ஓரமாக வையுங்கள். அறையை இருட்டாக்கி, சாதாரணக் கேமராவின் ஷட்டரைத் திறந்தே வைத்து, 1 மைக்ரோநொடிக்கு ஒரு எல்.ஈ.டி.யைப் பளிச்சிட வையுங்கள். அதற்குள் விரிசல் 1.5 மி.மீ. தான் நகரும். கேமராவில் மாட்டும் ஃபிளாஷ் உதவாது, ரொம்ப நேரம் எரியும். தகட்டுக்கு ஒரு படம்தான். மோதலுக்கும் பளிச்சிடலுக்கும் நடுவே உள்ள தாமதத்தைக் கூட்டிக் கூட்டி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும்.

கல்லெறி:
சரி, மோதும் சத்தத்தை மைக்கில் வாங்கி, எல்.ஈ.டி.யைப் பளிச்சிட வைக்கும் டிரிகர் கொடுக்கலாமா?

இருட்டறை:
மைக் 34 செ.மீ. தள்ளி இருந்தால் சத்தம் வந்து சேரவே 1 மில்லிநொடி. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்டால் மோதும் இடத்தைச் சுற்றி, ஓரிடத்தில் மட்டும் மூடாத சின்ன வட்டம் போடுங்கள். இரு முனையிலும் கம்பி. விரிசல் கோட்டை அறுக்கும் கணம்தான் டிரிகர்.

கல்லெறி:
மூன்று தகடு போட்டேன். மூன்றிலும் வெறும் சில்லுகள்தான். வட்டம் மேல்பக்கம்.

அரைநொடி:
அங்கேதான் தப்பு. அடி வாங்கித் தகடு வளையும்போது இழுபடுவது அடிப்பக்கம். விரிசல் அங்கேதான் பிறக்கும். வட்டத்தை அடியில் போடுங்கள்.

கல்லெறி:
கிடைத்துவிட்டது! வட்டத்தின் ஆரம் 5 மி.மீ., தாமதம் 12 மைக்ரோநொடி. தகட்டுக்கு அடியில் சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடி வழியாக எடுத்தேன். ஐந்து விரிசல், நுனிகள் நடுவிலிருந்து சுமார் 2 செ.மீ.யில். இரண்டு நுனிகள் ஏற்கெனவே கிளைவிட்டிருக்கின்றன. குண்டு நடுவில் கருவட்டமாக, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருக்கிறது. அடுத்து 18.