வயல் வெட்டு முடிந்ததும் மாடுகளைப் பதிவோம்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

வெள்ள நிவாரணத்துக்கு நம் ஊர்ச் சங்கம் சேர்த்த பணத்தில் மீதியை என்ன செய்யலாம் என்று சங்கத் தலைவர் கேட்டிருந்தார். அரிசி, பாய், பாடசாலைப் பை என்று யோசனைகள் வந்திருக்கின்றன. நான் மாடுகளுக்காகக் கேட்கிறேன்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடலில் நின்றபோது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்தன. அவற்றில் பதினொன்று எங்கள் அப்பாவின் பட்டியில் நின்றவை. இரவெல்லாம் மழை, விடாத காற்று. மேட்டில் ஒதுங்கியவை நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டன. மயிலை, வெள்ளைச்சி, கன்று போட இருந்த இரண்டு நாகுகள் என்று அப்பா தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அழுததை நான் கேட்டது அன்றுதான்.

நட்டஈடு கேட்டுப் போனவரிடம் பண்ணைப் பதிவு எங்கே, காதில் இலக்கத் தகடு எங்கே, செத்த மாட்டின் படம் எங்கே என்று கேட்டார்கள். தொடையில் குறி சுட்டிருக்கிறது, ஊரே அறியும் என்றார் அப்பா. குறி, மாடு யாருடையது என்று சொல்லும். எத்தனை மாடு நின்றது என்று சொல்லாது. அதற்குள் உடல்களைப் புதைத்தும் ஆயிற்று. ஒரு சதமும் வரவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பின்பும் பதிவுள்ள பண்ணைகளுக்கே நட்டஈடு என்றுதான் அறிவித்தார்கள். கணக்கில்லாமல் அரச பணம் கொடுக்க முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் உண்மையாக இழந்தவன் வெறுங்கையோடு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மவர்கள் பதியாமல் விட்டது சோம்பலால் அல்ல. மாரிமழையில் நெல் விதைக்கும் பெரும்போகத்தில் பயிருக்குள் இறங்காதபடி மாடுகளை மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போய், காட்டோரம் சிதறி மேயும் மாடுகளைப் பிடித்துத் தகடு போடுவது இலேசான வேலையா? அந்த மேய்ச்சல் தரையில் பயிர் செய்ய வந்தவர்களை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதை எல்லோரும் அறிவீர்கள். அங்கே இத்தனை மாடு மேய்கிறது என்று எழுத்தில் காட்ட முடிந்தால் அந்தக் கோரிக்கைக்கும் பலம்.

வயல் வெட்டு, அதாவது அறுவடை, முடிந்ததும் மாடுகள் வயலில் மிஞ்சி நிற்கும் தாளடியை மேய ஊருக்கு அருகே வரும். அந்தச் சில வாரங்கள்தான் நமக்குக் கிடைக்கும் காலம். மரத்தால் இரண்டு அடைப்புகள், மாடு பிடிக்கும் பெடியன்களுக்குக் கூலியும் சாப்பாடும், கால்நடை வைத்தியர் குழு வந்துபோக வாகனச் செலவு ஆகியவற்றைச் சங்கம் ஏற்கட்டும். தகடு போட்ட ஒவ்வொரு மாட்டையும் படம் எடுத்து, இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதி, பிரதியைச் சங்கச் செயலாளரிடம் வைப்போம். பால் கறப்பவை மட்டும் போதாது. கன்றுகளையும் எழுத வேண்டும். கணவனை இழந்து இரண்டு மூன்று மாடுகளோடு வாழும் பெண்களின் வீடுகளில் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர்களுக்காக அலுவலகம் ஏறி இறங்க ஆளில்லை.

ஊரில் என் தம்பி பட்டிக்காரர் எல்லோரிடமும் பேசிப் பெயர் சேர்க்கத் தொடங்கிவிட்டான். என் பங்காக நூறு மாடுகளுக்கு ஆகும் செலவைத் தருகிறேன். மீதிக்கு யார் யார் சேர்கிறீர்கள் என்று மாத முடிவுக்குள் எழுதுங்கள்.