மக்ஆர்தர் வழக்கு: எட்டுப் பேர் போன பிறகு பொலிஸில் யார் பதில் சொன்னது?

ஸ்காபரோவாசி:

ரொறன்ரோ பொலிஸ் காணாமற்போனோர் வழக்குகளை எப்படிக் கையாண்டது என்று முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்ரைன் ஆராய்ந்து எழுதிய அறிக்கையை இப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்து வாசிக்கிறேன். 2021 ஏப்ரலில் அது வெளிவந்தபோது தொலைக்காட்சியில் இரண்டு நிமிடம் பார்த்ததோடு சரி. வாசிக்கத் தொடங்கியதிலிருந்து நித்திரை ஒழுங்காக வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தெரியாத இளம் ஆக்களுக்காக: புரூஸ் மக்ஆர்தர் ரொறன்ரோவில் தோட்ட வேலை செய்தவன். 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்களைக் கொன்றான். பலர் சேர்ச்-வெல்லஸ்லி வட்டாரத்துக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற பகுதிக்குப் போய்வந்தவர்கள். பெரும்பாலானோர் தெற்காசியாவிலும் மத்திய கிழக்கிலும் இருந்து வந்தவர்கள். இருவர் எங்கள் ஈழத்தமிழர். அதில் ஒருவர் 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் வந்த 492 பேரில் ஒருவர், அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவரைக் காணவில்லை என்று பொலிஸுக்கு ஒருவரும் முறையிட்டிருக்கவில்லை. 2018 மார்ச்சில் இறந்த முகத்தின் படத்தையே பொலிஸ் வெளியிட்டு, இவர் யார் என்று ஊரைக் கேட்டது. அந்தப் படத்தை என் அம்மா பார்த்துவிட்டு "எங்கட பிள்ளை மாதிரி இருக்கே" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

என்னை அலைக்கழிப்பது இதுதான். 2013 நவம்பரில் பொலிஸ் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறது. அப்போது மூன்று பேர் காணாமற்போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூனில் ஒருவர் தன்னைக் கழுத்தை நெரித்தான் என்று முறையிட்டு, அவனைக் கைதுசெய்து, வழக்குப் போடாமலே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேர். 2017 டிசம்பரில் பொலிஸ் தலைவர் மார்க் சோண்டர்ஸ் தொடர் கொலையாளி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஊடகங்களிடம் சொன்னார், ஆறு கிழமைக்குள் அவன் கைதானான்.

அறிக்கையில் 151 பரிந்துரைகள் இருக்கின்றன. குறை அமைப்பில் என்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறை அமைப்பில் என்றால் இறந்தவர்களின் குடும்பம் யாருடைய முகத்தைப் பார்த்துக் கேட்பது? சம்பந்தப்பட்ட ஒருவராவது பதில் சொன்னாரா?

மார்க்கம்_ராசன்:

தம்பி, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக்கூடாது. 2017இல் பிறிசம் என்ற பொலிஸ் விசாரணைக் குழு செய்த வேலையையும் வாசியுங்கள். கடைசியாகக் காணாமற்போனவருடைய நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு நேரே "புரூஸ்" என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. கண்காணிப்புக் கமெராவில் ஒரு சிவப்பு வாகனம், இலக்கத்தகடு தெரியவில்லை. அதை 2004ஆம் ஆண்டு டொட்ஜ் கரவன் என்று பிரித்தறிந்து, பதிவுப் பட்டியலில் தேடி அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். 2018 ஜனவரி 18இல் ஒரு இளைஞர் அவனுடைய அடுக்ககத்துக்குள் போவதைக் கண்டதும் காத்திருக்காமல் உள்ளே புகுந்தார்கள், அந்த இளைஞர் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தார். உயிரோடு மீட்டார்கள். அந்த அதிகாரிகளையும் சேர்த்துத் திட்டினால் அது நியாயமில்லை. நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்.

தரவுக்காரி:

ராசன் அண்ணா, நீங்கள் சொன்னதேதான் என் வாதம். பெயரும் ஒரு மங்கலான வாகனமும் மட்டும் வைத்துக்கொண்டு பிறிசம் அவனைப் பிடித்தது. அப்படியானால் திறமை இருந்தது, கருவி இருந்தது. முதலில் காணாமற்போன மூவரைப் பற்றி 2012 நவம்பரிலிருந்து 2014 ஏப்ரல்வரை பொலிஸ் நடத்திய ஹூஸ்டன் என்ற விசாரணையில் அது ஏன் நடக்கவில்லை?

நான் தரவுத்தளங்களோடு வேலை செய்கிறவள், அதனால் எனக்கு இந்தப் பகுதிதான் நெஞ்சில் குத்தியது. ஹூஸ்டன் தொடங்கியதே வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு துப்பை வைத்து. நரமாமிசம் தின்கிற கூட்டம் என்று சந்தேகித்து வேறொருவரைச் சுற்றி மாதக்கணக்கில் போனார்கள், அது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மக்ஆர்தரை அந்த மூவரோடும் இணைக்கிற தகவல் துண்டு துண்டாக அவர்களுடைய கோப்புகளிலேயே கிடந்தது. அவனைச் சாட்சியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு அனுப்பினார்கள். 2003இல் ஒருவரை இரும்புக் குழாயால் அடித்த வழக்கில் தண்டனை பெற்று, அந்த வட்டாரத்துக்கே போகக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்த ஆள் அவன்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஒன்ராறியோவில் தொடர் பாலியல் வன்முறையும் கொலைகளும் செய்த போல் பேர்னார்டோ ஞாபகம் இருக்கிறதா? 1990இல் எடுத்த அவனுடைய மரபணு மாதிரி இரண்டு வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் கிடந்தது, அந்த இடைவெளியில்தான் பள்ளி மாணவிகள் கொலையானார்கள். அதை ஆராய்ந்த நீதிபதி ஆர்ச்சி கம்பெல் 1996இல் சொன்னது என்ன? பெரிய வழக்குகளின் தகவல்களை மாகாணம் முழுதும் ஒரே முறையில் பதிந்து ஒப்பிட வேண்டும் என்றுதான். அதன்படி வந்ததுதான் பவர்கேஸ் மென்பொருள். எப்ஸ்ரைன் 25 வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால், ரொறன்ரோவில் அதே மென்பொருளில் தகவலை ஒழுங்காக ஏற்றவில்லை. செத்தவர்களின் பெயரால் எழுதிய பாடத்தைப் படிக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள். நடந்து முடிந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும் என்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

சட்டக்கோப்பு:

கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில்: ஒருவர்மீது நடவடிக்கை எடுத்தார்கள். 2016 கைதில் சம்பந்தப்பட்ட சார்ஜன்ட். முறையிட்டவரின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதியவில்லை, காயங்களைப் படமெடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒழுங்கு விசாரணையில் அவர் குற்றவாளி இல்லை என்று முடிந்தது. அவரை மட்டும் பிடித்ததும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் மக்ஆர்தரின் பழைய தண்டனை அதற்குள் சட்டப்படி பதிவிலிருந்து விலக்கப்பட்டிருந்தது, ஹூஸ்டனில் அவனோடு பேசிய விபரமும் அவர் கைக்குப் போய்ச்சேரவில்லை. கீழே நின்றவரைக் காட்டிவிட்டு மேலே இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

மற்றவர்கள் ஏன் தப்பினார்கள்? அப்போதைய ஒன்ராறியோ பொலிஸ் சட்டப்படி, விடயம் தெரியவந்து ஆறு மாதம் கடந்தால் பொலிஸ் சேவைகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஒழுங்கு விசாரணைக்குப் போக முடியாது. ஓய்வுபெற்றாலோ வேலையை விட்டாலோ விசாரணை அதோடு முடிந்தது. காணாமற்போன ஒருவரின் வழக்கு ஐந்து வருடம் இழுபட்டால் அதற்குள் யார் மிஞ்சியிருப்பார்?

ஆனால் இந்த ஊரிலேயே வேறொரு வழி திறந்தது, அதை நாங்கள் மறந்துவிட்டோம். 1986இல் இதே சேர்ச்-வெல்லஸ்லிப் பகுதியில் பல்கனி வழியாக ஏறி ஒருவன் பெண்களைத் தாக்கினான். பொலிஸுக்கு அது ஒரே ஆள் என்று தெரியும், எந்த மாதிரி வீடுகள் என்றும் தெரியும். பெண்கள் பதற்றப்படுவார்கள், அவன் ஓடிவிடுவான் என்று எச்சரிக்காமல் விட்டார்கள். பாதிக்கப்பட்ட ஒருவர் "ஜேன் டோ" என்ற பெயரில் வழக்குப் போட்டு, 12 வருடம் போராடி, 1998இல் வென்றார். பொலிஸ் கவனயீனமாக இருந்தது, பெண்களைத் தூண்டில் இரையாக வைத்தது என்று நீதிமன்றம் சொன்னது, சுமார் 2,20,000 டொலர் இழப்பீடு. அந்தத் தீர்ப்பு வந்து 19 வருடத்துக்குப் பிறகு, அதே தெருக்களில் ஆண்கள் பயந்து ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைவர் ஆதாரமில்லை என்கிறார். எனக்கு இந்த இடத்தைத்தான் கடக்க முடியவில்லை.

ஈஸ்ட்ஹாம்_குமரன்:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் (Barking) 2014, 2015இல் ஸ்ரீபன் போர்ட் நான்கு இளைஞர்களைக் கொன்றான். முதலாமவரின் உடல் அவனுடைய வீட்டு வாசலிலேயே கிடந்தது, அம்புலன்சைக் கூப்பிட்டதும் அவனேதான், பொய் சொன்னதற்குச் சிறைக்கும் போனான். அடுத்த இருவரின் உடல்களை ஒரே தேவாலயக் கல்லறை மைதானத்தில், சில கிழமை இடைவெளியில், நாயோடு நடக்கப்போன ஒரே பெண்மணிதான் கண்டெடுத்தார். பொலிஸுக்குச் சந்தேகம் வரவில்லை. மூன்றாமவரிடம் கிடந்த தற்கொலைக் கடிதத்தை அப்படியே நம்பினார்கள், எழுதியது போர்ட். நான்காமவரின் சகோதரிகள் விடாமல் தேடியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 2021 டிசம்பரில் மரண விசாரணை ஜூரிகள், பொலிஸின் தவறுகள் கடைசி மூன்று மரணங்களுக்கு அநேகமாகக் காரணமாயின என்று தீர்மானித்தார்கள். பொலிஸைக் கண்காணிக்கும் அமைப்பு முதலில் நடத்திய விசாரணையில் ஒன்பது அதிகாரிகளின் வேலை தரக்குறைவு என்று சொல்லியும் ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஜூரிகளின் தீர்மானத்துக்குப் பிறகுதான் அதை மறுபடி திறந்தார்கள்.

பெயர்வேண்டாம்:

இந்தத் தளத்தை வருடக்கணக்கில் வாசிக்கிறேன், எழுதுவது முதல்தடவை. நான் தன்பாலீர்ப்பாளன். தமிழன். 2010இல் காணாமற்போன எங்கள் ஆளை ஓரிரு முறை அந்த வட்டாரத்தில் கண்டிருக்கிறேன், சிரித்த முகம்.

2018இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சோண்டர்ஸ், முன்னரே சனம் தகவலோடு வந்திருந்தால் வேறுமாதிரி நடந்திருக்கலாம் என்ற பொருளில் சொன்னார். அது பொய். அந்த வட்டாரத்தில் சுவரொட்டி ஒட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், பொலிஸிடம் நேரில் கேட்டார்கள். ஆனால் இன்னொன்றையும் உண்மையாகச் சொல்ல வேண்டும்: போகாதவர்களும் இருந்தோம், நான் ஒருவன். பொலிஸ் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் அப்பாவுக்கு என்ன சொல்வது என்ற ஒரே பயம். மக்ஆர்தருக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் வாழ்கிறவனைத்தான் தேடிப் பிடித்தான். பொலிஸ் பிழைவிட்டது, சரி. அந்த இரண்டு தமிழரில் ஒருவரைப் பற்றியாவது எங்கள் வானொலிகளில் வாய்விட்டுக் கதைத்தோமா? "அவையள் அப்படியான ஆக்களாம்" என்று குரலைத் தாழ்த்தியதுதான் எனக்குக் கேட்டது.

வன்னிமகள்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியதற்கு நன்றி.

சன் சீயில் வந்தவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரும் முறையிடவில்லை என்று சொல்லும்போது குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம் வந்துவிடுகிறது. நாடுகடத்தல் கட்டளை இருக்கிற பிள்ளை தொலைபேசி எடுக்காவிட்டால், எங்கேயோ ஒளிந்து பத்திரமாக இருக்கிறான் என்றுதான் ஊரிலிருக்கிற தாய் நினைப்பாள். பொலிஸிடம் போய்ச் சொன்னால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுவாள். அந்தப் பயத்தை யார் விதைத்தது? கப்பல் வந்தபோது இந்த நாட்டு அரசே அந்தச் சனத்தைக் கடத்தல்காரர், பயங்கரவாதி என்ற சொற்களோடு சேர்த்துத்தான் பேசியது. மாதக்கணக்கில் அடைத்து வைத்தது.

எனக்கும் ஒரு அனுபவம். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்த பெடியன் பல வருடத்துக்கு முன் நான்கு நாள் வரவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே முதலில் கேட்டது அவனுக்கு வதிவிட அனுமதி இருக்கிறதா என்று. நான் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அவன் வேலைக்காக மொன்றியல் போயிருந்தான், ஆறாம் நாள் வந்து நின்றான். வந்தபடியால் இதை இப்போது எழுத முடிகிறது. வராமல் விட்டிருந்தால், முறையிடாத அந்த ஆள் நான்.

மார்க்கம்_ராசன்:

தரவுக்காரி சொன்ன 1996 கதை எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தால் என் வாதம் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். பிறிசம் அதிகாரிகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருப்பி எடுக்கமாட்டேன்.

ஸ்காபரோவாசி:

எல்லோருக்கும் நன்றி. அறிக்கையிலும் இதே இடத்தில்தான் நிற்கிறேன்: காணாமற்போனோர் வழக்கு என்றாலே கடைசி வரிசை வேலை. 2018வரை ரொறன்ரோ பொலிஸில் அதற்கென ஒரு பிரிவே இருக்கவில்லை. சோண்டர்ஸ் 2020இல் பதவியை விட்டார், 2023இல் நகரபிதா தேர்தலில் நின்றார். 2021இல் மன்னிப்புக் கேட்டது அவருக்குப் பின் வந்த இடைக்காலத் தலைவர். முடிவெடுத்த காலத்தில் இருந்தவர் ஒருவர், தலைகுனிந்தவர் வேறொருவர்.

பொலிஸ் சேவைகள் வாரியத்தின் கூட்டத்தில் பொதுமக்கள் பெயர் பதிந்து பேசலாம். ஐந்து நிமிடம்தான். 151இல் எத்தனை முடிந்தது, தமிழில் காணாமற்போனோர் முறைப்பாடு எடுக்க எந்த நிலையத்தில் ஆள் இருக்கிறார், குடிவரவு நிலை கேட்கக்கூடாது என்பதை முன்மேசையில் இருப்பவருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், இந்த மூன்றையும் கேட்கப் போகிறேன். சட்டக்கோப்பு, முடிந்தால் எழுதியதை ஒருமுறை பார்த்துத் தாருங்கள். வன்னிமகள் அக்கா, உங்கள் கதையைப் பெயர் இல்லாமல் சொல்லலாமா?

வன்னிமகள்:

பெயரோடேயே சொல்லுங்கள். நானும் வருகிறேன்.

பெயர்வேண்டாம்:

என்னால் வர முடியாது, அப்பா இன்னும் இருக்கிறார். இரண்டு பத்தி எழுதித் தருகிறேன். என் பெயர் வேண்டாம், அந்த இருவருடைய பெயரையும் மட்டும் சரியான தமிழ் உச்சரிப்பில் வாசியுங்கள். நீதிமன்றச் செய்திகளில் ஒருமுறைகூட நான் அதை அப்படிக் கேட்டதில்லை.